300 எஸ்.எஸ்.யு என்றால் எத்தனை சென்டிஸ்டோக்? பழைய அமெரிக்க பிரஸ்ஸுக்கு ஆயில் தேடும்போது

கேள்வி, ஓசூரிலிருந்து ஒரு தம்பி. 2024 நவம்பர் 11

எங்கள் ஷெட்டில் ஒரு அமெரிக்க ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. 1970களில் செய்தது, ஏலத்தில் எடுத்தோம். மேனுவலில் ஆயில் பற்றி ஒரே வரிதான்: 300 எஸ்.எஸ்.யு, 100 பாரன்ஹீட். ஆயிலின் கெட்டியைச் சொல்லும் மெட்ரிக் அலகான சென்டிஸ்டோக்குக்கு மாற்ற நெட்டில் ஒரு கன்வர்ட்டரில் போட்டால் 64.7 என்கிறது. இன்னொன்று 65.5 என்கிறது. மூன்றாவது, டைனமிக்கா கைனமாடிக்கா என்று என்னையே கேட்கிறது. அங்குலத்துக்கு 25.4 மாதிரி, இதற்கும் ஒரே ஒரு எண்ணால் பெருக்கினால் முடிந்துவிட வேண்டாமா? 46 நம்பர் ஆயில் ஊற்றவா, 68 ஊற்றவா?

நவம்பர் 11, இரவு 9.20

68 ஊற்றுங்கள். எஸ்.எஸ்.யு எண்ணை 4.632 ஆல் வகுத்தால் சென்டிஸ்டோக். 300 ÷ 4.632 = 64.8. பக்கத்தில் இருக்கும் ஐ.எஸ்.ஓ பாகுநிலை (விஸ்காசிட்டி) கிரேடு, அதாவது வி.ஜி, 68.

நவம்பர் 11, இரவு 10.05

அவசரமாக எழுதிவிட்டேன். "25.4 மாதிரி" என்று தம்பி கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. உண்மையான கேள்வி அதுதான்.

எஸ்.எஸ்.யு என்பதன் கடைசி எழுத்து யுனிவர்சல், நடு எழுத்து செகண்ட். அதாவது நேரம். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில் இருந்த ஜார்ஜ் சேபோல்ட் அமைத்த கருவி அது. ஒரு குழலில் ஆயிலை நிரப்பி, சுற்றியுள்ள தொட்டியில் சூட்டை ஒரே அளவில் நிறுத்தி, அடியில் உள்ள சின்னத் துளையைத் திறந்துவிடுவார்கள். 60 மில்லி குடுவை நிரம்ப எத்தனை செகண்ட் ஆகிறதோ அதுதான் எண். 300 எஸ்.எஸ்.யு என்றால் குடுவை நிரம்ப ஐந்து நிமிடம் ஆனது என்று அர்த்தம்.

அங்குலமும் மில்லிமீட்டரும் ஒரே பொருளின் இரண்டு அளவுகள். ஒழுகும் நேரமும் பாகுநிலையும் அப்படி இல்லை. ஆயில் கெட்டியாக இருந்தால் துளையில் உராய்வுதான் ஆட்சி செய்யும், அப்போது நேரம் பாகுநிலைக்கு நேர் விகிதத்தில் போகும். ஆயில் தண்ணியாக இருந்தால் அது வேகம் எடுப்பதற்கே நேரத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். அங்கே விகிதம் உடைந்துவிடுகிறது. 100 டிகிரி பாரன்ஹீட்டில் 75 சென்டிஸ்டோக்குக்கு மேல் 4.632 நன்றாகவே ஒத்துவரும். அதற்குக் கீழே இறங்க இறங்கப் பிழை ஏறும். தம்பியின் 300-இல் பிழை மிகச் சின்னது, சரியான விடை 64.6.

இரண்டாவது கன்வர்ட்டர் சொன்ன 65.5 எங்கிருந்து வந்தது என்றும் தெரிகிறது. பழைய கையேடுகளில் ஒரு தோராயச் சூத்திரம் உண்டு: செகண்டை 0.22 ஆல் பெருக்கி, 135-ஐ செகண்டால் வகுத்துக் கழிக்க வேண்டும். 66 கழித்தல் 0.45, ஆக 65.5.

நவம்பர் 12, காலை 6.50

நேற்று சொன்னதில் ஒரு ஓட்டை. தூங்கப் போன பிறகுதான் உறைத்தது.

100 டிகிரி பாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ். ஐ.எஸ்.ஓ வி.ஜி எண்கள் எல்லாம் 40 செல்சியஸில் அளப்பவை. 2.2 டிகிரிதானே என்று விடக்கூடாது. சாதாரண மினரல் ஆயிலுக்கு, 40-இல் 68 இருப்பது 37.8-இல் 76 ஆகிவிடும். 10 சதவீதத்துக்கும் மேல். ஒரு வி.ஜி கிரேடுக்கு அனுமதிக்கப்பட்ட விலகலே மேலும் கீழும் 10 சதவீதம்தான்.

இப்போது தம்பியின் எண்ணை மறுபடி பாருங்கள். 37.8-இல் 64.6 இருக்கும் ஆயில் 40-இல் சுமார் 58 தான் இருக்கும். வி.ஜி 68-இன் எல்லை 61.2 முதல் 74.8. வி.ஜி 46-இன் எல்லை 41.4 முதல் 50.6. 58 இரண்டிலும் விழவில்லை, நடுவில் நிற்கிறது!

அதனால் "68 ஊற்றுங்கள்" என்று நான் சொன்னதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். டேங்கில் ஆயில் எந்தச் சூட்டில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. மதியம் இரண்டு மணி வாக்கில், பிரஸ் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு.

நவம்பர் 12, மதியம் 1.30

4.632-ஐ நான் இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கோவையில் ஒரு டூல் ரூமில் இருந்தேன். அமெரிக்க கிரைண்டிங் மிஷின் ஒன்று, ஸ்பிண்டில் ஆயில் 60 எஸ்.எஸ்.யு, 100 பாரன்ஹீட் என்று மேனுவலில் இருந்தது. என் மேஜைக்கு மேலே சுவரில் 4.632 என்று எழுதி ஒட்டியிருந்தேன். வகுத்தேன், 12.95 வந்தது. 10-ஆம் நம்பரைவிட 15-ஆம் நம்பர் பக்கம் என்று அதை வாங்கி ஊற்றினோம்.

அரை மணி நேரத்தில் ஸ்பிண்டில் ஹவுசிங் மேல் கை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியதாயிற்று. பேரிங் என்றோம், பிரீலோடு என்றோம், பெல்ட் டென்ஷன் என்றோம். இரண்டு நாள் பிரித்துப் பிரித்து மாட்டினோம். ஆயில் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அது "கணக்குப் போட்டு" வாங்கியது.

60 எஸ்.எஸ்.யு உண்மையில் 10.3 சென்டிஸ்டோக். 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இன்னும் குறையும், நேராக வி.ஜி 10. நாங்கள் ஊற்றியது அதைவிட ஒன்றரை மடங்கு கெட்டி. வேகமாகச் சுழலும் ஸ்பிண்டிலில் அந்தக் கூடுதல் கெட்டி முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். 10-ஆம் நம்பர் மாற்றியதும் ஹவுசிங் வெதுவெதுப்பாக நின்றது.

இன்னொரு எண்ணும் குறித்துக்கொள்ளுங்கள்: 10 சென்டிஸ்டோக்கை 4.632 ஆல் பெருக்கினால் 46 வரும். சேபோல்ட் கருவியில் அளந்தால் 58.8 வரும். 32 செகண்டுக்குக் கீழே இந்த அட்டவணையே தொடங்காது. தண்ணீரைச் சேபோல்ட் செகண்டில் சொல்லச் சொன்னால் அது அர்த்தமில்லாத கேள்வி.

நவம்பர் 13, இரவு 8.45

ஹைட்ராலிக் பம்ப் கேட்டலாக் பார்ப்பவர்களுக்காக ஒன்று. ஓடும்போது 13 முதல் 54 சென்டிஸ்டோக், ஸ்டார்ட் செய்யும்போது அதிகபட்சம் 860 என்று பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். 13 என்ன கணக்கு, 860 என்ன கணக்கு என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. செகண்டுக்கு மாற்றிப் பாருங்கள். 70, 250, 4000. அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் என்றோ முழு எண்ணாக எழுதியதை மெட்ரிக்குக்கு மாற்றியதால் வந்த எண்கள் இவை. 860-ஐத் தாண்டி 861 ஆனால் பம்ப் உடைந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். "சுமார் நாலாயிரம்" என்பதுதான் மூலச் செய்தி.

வி.ஜி கிரேடுகளும் இப்படித்தான் பழைய செகண்டுகளோடு ஒட்டி நிற்கின்றன: 32-க்கு 150, 46-க்கு 215, 68-க்கு 315, 100-க்கு 465. பழைய மேனுவல்களில் இந்த எண்கள் வந்தால் உடனே அடையாளம் தெரியும். தம்பியின் 300 இந்தப் படிகளில் இல்லை, ஆனால் 315-க்குப் பக்கத்தில் இருக்கிறது. மேனுவல் எழுதியவர் மனதில் அந்தப் படிதான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

நவம்பர் 14, காலை 7.15

கெமிக்கல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: 1 சென்டிபாய்ஸுக்கு (டைனமிக் பாகுநிலையின் அலகு) அமெரிக்க அளவில் ஒரு புத்தகத்தில் 0.000672 என்றும், இன்னொன்றில் 0.0000209 என்றும் இருக்கிறது, எது சரி என்று. இரண்டும் சரி. இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பவுண்டு இரண்டு. ஒன்று நிறை, மற்றது விசை. முதல் எண் பவுண்டு நிறை, அடி, செகண்ட் வைத்தது. இரண்டாவது பவுண்டு விசையை செகண்டால் பெருக்கிச் சதுர அடியால் வகுத்தது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் எண் 32.174, புவி ஈர்ப்பு முடுக்கம் அடியில். இவை இல்லாமல், வெப்பமாற்றிக் கணக்குகளில் செகண்டுக்குப் பதில் மணி வரும். அங்கே சென்டிபாய்ஸை 2.42 ஆல் பெருக்க வேண்டும். பேரிங் டிசைனில் ரெயின் என்று ஒரு அலகு உண்டு, ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் பெயரால் வந்தது. ஒரு ரெயின் சுமார் 69 லட்சம் சென்டிபாய்ஸ், அதனால் மைக்ரோரெயினில்தான் எழுதுவார்கள்.

என் கதை இது. இன்ஜின் ஆயில் மாதிரி ஒழுகும் ஒரு பிசினுக்குக் குழாய் போட வேண்டியிருந்தது. 100 சென்டிபாய்ஸ். ஷீட்டில் பவுண்டு நிறை கேட்ட கட்டத்தில் நான் விசை எண்ணான 0.00209-ஐப் போட்டுவிட்டேன். போட வேண்டியது 0.0672. ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் அமைதியா கொந்தளிப்பா என்று காட்டுவது) ஆயிரத்துக்குப் பதில் 32 ஆயிரம் காட்டியது. உராய்வுக் காரணி 0.064-க்குப் பதில் 0.024. அழுத்த இழப்பு உண்மையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வந்தது, அதை வைத்துச் சின்ன பம்பாகத் தேர்ந்தெடுத்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர் டிகிரி படிக்காத ஒரு மூத்த ஃபிட்டர். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தச் சரக்கு பைப்புல கொந்தளிச்சிக்கிட்டா ஓடும்? நூல் பிடிச்ச மாதிரில்ல ஓடும்" என்றார். டின்னைச் சாய்த்து ஊற்றியும் காட்டினார். நடுக்கமே இல்லாமல் கண்ணாடிக் கம்பி மாதிரி இறங்கியது. வாங்குவதற்கு முன்னால் தெரிந்ததால் பணம் தப்பியது. அன்றிலிருந்து அமெரிக்க அலகில் எந்த விடை வந்தாலும் 32-ஆல் ஒருமுறை பெருக்கியும் வகுத்தும் பார்த்து, எது நம்பும்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 14, காலை 7.40

சேர்க்க மறந்தது. கைனமாடிக்கில், அதாவது டைனமிக்கை அடர்த்தியால் வகுத்து வரும் சென்டிஸ்டோக் வகையில், இந்தப் பவுண்டுச் சண்டை கிடையாது, ஏனென்றால் அதில் நிறையும் இல்லை, விசையும் இல்லை. பரப்பை நேரத்தால் வகுத்தது மட்டும்தான். ஒரு சதுர அங்குலம் ஒரு செகண்டில் என்றால் 645.16 சென்டிஸ்டோக். அந்த எண் என்ன? 25.4-இன் வர்க்கம். தம்பி தேடிய 25.4 இங்கே இருக்கிறது, செகண்டில்தான் இல்லை.

நவம்பர் 15, இரவு 9.10

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், "பாகுநிலை என்கிறீர்களே, நாங்கள் படித்தது பிசுக்குமை" என்று எழுதியிருக்கிறார். இரண்டும் நல்ல சொற்கள். எனக்குப் பாகு பிடிக்கும், அதற்குக் காரணம் சமையலறை. போன மாதம் தீபாவளிக்கு அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினார். கரைந்தது, இன்னும் ஆகவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஒரு சொட்டு. அது உருண்டு நின்றது, உடனே அடுப்பை அணைத்தார்.

பச்சைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதன் சூட்சுமம், சொட்டு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே சூட்டுக்கு வந்துவிடுகிறது என்பதுதான். கொதிக்கும் சட்டியில் பார்த்தால் இளம் பாகும் முற்றிய பாகும் ஒரே மாதிரி தண்ணியாகத் தெரியும். சேபோல்ட் கருவியைச் சுற்றித் தொட்டி வைத்துச் சூட்டை நிறுத்துவதும் இதே காரியம்.

நவம்பர் 15, இரவு 9.30

பாய்லர் பக்கம் இருப்பவர்களுக்கு: பழைய ஆட்கள் ஃபர்னஸ் ஆயிலை "செகண்ட்" என்று சொன்னால் அது அநேகமாகப் பிரிட்டிஷ் ரெட்வுட் செகண்ட். சேபோல்ட் இல்லை. அதில் 50 மில்லி ஒழுக விடுவார்கள், துளையும் வேறு. 100 சென்டிஸ்டோக் சேபோல்டில் 463, ரெட்வுட்டில் ஏறத்தாழ 405. ஜெர்மன் மிஷினாக இருந்தால் எங்ளர் டிகிரி வரும், அதே 100 அங்கே 13 சொச்சம். அந்த "டிகிரி"யைச் சூடு என்று நினைத்தவர்களும் உண்டு.

நவம்பர் 17, மதியம் 12.20

பெயின்ட் பூத்தில் வேலை பார்ப்பவர் கப் செகண்ட் (துளையுள்ள கப்பிலிருந்து பெயின்ட் ஒழுகும் நேரம்) பற்றிக் கேட்டிருக்கிறார். அமெரிக்க ஃபோர்டு நான்காம் நம்பர் கப் என்றால், செகண்டிலிருந்து 4.49 கழித்து 3.85 ஆல் பெருக்குங்கள், சென்டிஸ்டோக் வரும். 20 செகண்ட் என்றால் சுமார் 60. சென்டிபாய்ஸ் வேண்டுமானால் பெயின்டின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். அடர்த்தி 1.2 என்றால் 72. நம்மூர் பூத்துகளில் பி4 கப் புழங்குகிறது, அது வேறு கப், இந்தச் சூத்திரம் அதற்குப் பொருந்தாது. கப் மேல் என்ன பொறித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பைலிங்கில் பென்டோனைட் களிமண் குழம்பை அளக்கும் மார்ஷ் கூம்பும் இதே கதைதான். அமெரிக்க முறையில் ஒரு குவார்ட், அதாவது 946 மில்லி ஒழுக விட வேண்டும். தண்ணீருக்கு 26 செகண்ட். ஒரு லிட்டர் பிடித்தால் அதே தண்ணீருக்கு 28. சைட்டில் லிட்டர் மக்கில் பிடித்துவிட்டுக் குவார்ட் அளவோடு ஒப்பிட்டால் நல்ல குழம்பும் கெட்டியாகத் தெரியும்.

நவம்பர் 20, இரவு 8.00

தம்பி டேங்க் சூடு அனுப்பிவிட்டார்: 58 முதல் 60 டிகிரி. நல்லது, இப்போது முடிவாகச் சொல்லலாம். 60 டிகிரியில் வி.ஜி 68 சுமார் 28 சென்டிஸ்டோக் இருக்கும், வி.ஜி 46 சுமார் 21. இரண்டுமே 13-க்கும் 54-க்கும் நடுவில் வசதியாக நிற்கின்றன. காலையில் 20 டிகிரியில் ஸ்டார்ட் செய்தாலும் 68 சுமார் 215 தான், 860-க்கு ரொம்பத் தூரம். பழைய பம்ப், உள்கசிவு கூடியிருக்கும், கெட்டிப் பக்கம் சாய்வதே நல்லது. 68 ஊற்றுங்கள். முதல் நாள் சொன்ன அதே பதில்தான், இப்போது காரணத்தோடு.

நவம்பர் 24, மாலை 5.35

தம்பி, நிறுத்துங்கள். இன்று அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கியர்பாக்ஸ் தகட்டில் 80 எஸ்.எஸ்.யு என்று இருக்கிறது, "டேங்குக்கு 300, இதற்கு 80, அதனால் தண்ணியான ஆயில், 80-ஐ வகுத்தால் 17, வி.ஜி 22 வாங்கி வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஊற்ற வேண்டாம்.

தகட்டின் வலது ஓரம் பெயின்டில் மறைந்திருக்கிறது. 80-க்குப் பின்னால் ஒரு எண்ணின் வால் தெரிகிறது. தின்னர் போட்டுத் துணியால் துடைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

நவம்பர் 24, இரவு 7.10

நினைத்தது சரி. 210 பாரன்ஹீட். அதாவது 98.9 செல்சியஸ், கொதிக்கும் தண்ணீர் அளவுச் சூடு. அந்தச் சூட்டிலும் ஒழுக 80 செகண்ட் எடுக்கும் ஆயில் அது. 15.5 சென்டிஸ்டோக் வாக்கில் வரும். 40 டிகிரியில் அதே ஆயில் 150 இருக்கும். வி.ஜி 150, டேங்குக்குச் சொன்ன 68-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. 22 நம்பர் அந்தச் சூட்டில் நான்கு சொச்சம் சென்டிஸ்டோக்தான் நிற்கும், கியர் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் படலமே இருக்காது.

நவம்பர் 26, காலை 6.40

தம்பியிடமிருந்து செய்தி. 22 நம்பர் டின் சீல் உடைக்காமல் இருந்ததால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கியர்பாக்ஸில் 150 ஊற்றி ஒரு ஷிப்ட் ஓட்டியாகிவிட்டது, சத்தம் குறைந்திருக்கிறதாம். டேங்க் மேல் மஞ்சள் பெயின்டில் "68, 40 டிகிரியில்" என்றும், கியர்பாக்ஸ் மேல் "150, 40 டிகிரியில்" என்றும் எழுதிப் படம் அனுப்பியிருக்கிறார். எழுத்து கொஞ்சம் வழிந்திருக்கிறது, தின்னர் கூடிவிட்டது போலிருக்கிறது. பழைய தகட்டையும் துடைத்து வார்னிஷ் பூசி வையுங்கள் தம்பி, அடுத்து வருபவருக்கு அந்த 210 தெரிய வேண்டும்.